இரும்பின் வரைபடம் – 9: காலத்தை அறியாத கோடுகள்

கொங்கு நாட்டுக் களிமண் மூசைகளில் ஆவாரங்கட்டையும் எருக்கிலையும் சேர்த்து மூடி, துருத்தி ஊதி எடுக்கப்பட்ட உருக்குக் கட்டிகள் ‘வூட்ஸ்’ என்ற பெயரில் லண்டனை அடைந்ததையும், 1795-இல் ஜார்ஜ் பியர்சன் அவற்றை ஆராய்ந்து ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்ததையும், கால் நூற்றாண்டு கழித்து மைக்கேல் ஃபாரடேயும் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும் அதன் சிறப்புக்கான காரணத்தை அலுமினியத்தில் தேடி வழி தவறியதையும் சென்ற பகுதி விவரித்தது.

இரும்பை உருக்காக்குவது கார்பன் என்பது அதற்குள் ஐரோப்பாவில் நிலைபெற்றுவிட்ட உண்மை. ஆனால் அந்த உண்மை ஒரு புதிரைத் தீர்த்து, அதைவிடப் பெரிய புதிரைக் கொண்டுவந்து வைத்தது.

ஒரே கட்டியிலிருந்து வெட்டப்பட்ட இரண்டு துண்டுகள், கார்பன் அளவில் இம்மியும் வேறுபடாதவை. செஞ்சூட்டிலிருந்து சாம்பலுக்குள் மெல்ல ஆறிய துண்டு அரத்துக்கு இணங்குகிறது, தண்ணீரில் தோய்த்த துண்டு அரத்தையே வழுக்கிவிடுகிறது. சேர்மானம் மாறாதபோது மாறியது எது?

இந்தக் கேள்விக்கு விடை தேடிய 32 ஆண்டுகள், அதாவது 1868 முதல் 1900 வரையிலான காலம், இந்தப் பகுதியின் பொருள்.

850 டிகிரி

விடையின் பயன் இன்று நாள்தோறும் கைக்கொள்ளப்படும் இடங்களுள் ஒன்று சென்னையின் மேற்குப் புறநகர். 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ், 1955-இல் ஆவடியில் டியூப் ப்ராடக்ட்ஸ், 1961-இல் அதே ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, அந்த ஆண்டுகளையொட்டிப் பாடியில் லூகாஸ்-டிவிஎஸ், சுந்தரம் கிளேட்டன், பிரேக்ஸ் இந்தியா என்று வரிசையாக எழுந்த ஆலைகள், பன்னிரண்டு பதினாறு ஆண்டுகளுக்குள் வயலும் ஏரியுமாக இருந்த ஒரு நிலப்பரப்பை இரும்பைப் பதப்படுத்தும் நிலமாக மாற்றின.

1965-இல் ஆவடியிலிருந்து விஜயந்தா டாங்க் வெளிவந்தபோது, அதன் பின்னால் எடையும் அதிர்வும் தாங்க வேண்டிய ஆயிரக்கணக்கான உருக்கு உறுப்புகள் இருந்தன. பெரிய ஆலைகளைச் சுற்றிச் சிறு பட்டறைகள் முளைத்தன. 1960-களில் அமைந்த அம்பத்தூர் எஸ்டேட் அவற்றுக்கு இடம் கொடுத்தது.

எஸ்டேட்டின் உட்தெருக்களிலும், பூந்தமல்லிக்கு அப்பால் திருமழிசைத் தொழிற்பேட்டையிலும் ஜாப் ஒர்க் முறையில் இயங்கும் ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறைகள், கடைசல் முடிந்து வரும் தண்டுகளையும் பற்சக்கரங்களையும் உலையில் ஏற்றி, சூடாக்கி, எண்ணெயிலோ நீரிலோ தோய்த்து, மீண்டும் மிதமாகச் சூடாக்கித் திருப்பி அனுப்புகின்றன. பார்வைக்குப் பொருளின் வடிவம் அப்படியே இருக்கிறது. அதன் உள்ளமைப்பு முற்றிலும் வேறாகிவிடுகிறது.

இந்தப் பட்டறைகளில் மிகுதியாகப் புழங்கும் ‘இ.என். 8’ உருக்கில், நூற்றில் 0.4 பங்கு கார்பன் உண்டு. அதனைக் கடினப்படுத்துவதற்கு உலையை 830 முதல் 860 டிகிரி செல்சியசுக்குள் வைக்க வேண்டும் என்பது இயக்குநருக்கு மனப்பாடம். 750-இல் எடுத்துத் தோய்த்தால் உருக்கு முழுமையாகக் கடினமாவதில்லை, இடையிடையே மென்மையான பகுதிகள் தங்கிவிடுகின்றன. 1000-க்கு ஏற்றினால் மேற்பரப்பில் செதில் தடித்து, உள்மணிகள் பெருத்து, தோய்க்கும்போது தண்டு கோணுகிறது, சில வேளை விரிசலும் விடுகிறது.

850 என்ற எண் எங்கிருந்து வந்தது? அது பட்டறை அனுபவத்தில் தானாகத் திரண்ட எண் என்று கருதுவதற்கு இடம் உண்டு, ஏனெனில் கொல்லர்கள் நூற்றாண்டுகளாகத் தணலின் நிறத்தைக் கொண்டே அதனருகில் சென்றுவந்தவர்கள். ஆயினும் எந்தக் கார்பன் அளவுக்கு எந்த எண் என்பதை முன்கூட்டிச் சொல்லும் ஆற்றலைத் தந்தது ஒரு வரைபடம். படுக்கை அச்சில் கார்பனின் அளவையும் செங்குத்து அச்சில் வெப்பநிலையையும் கொண்ட இரும்பு–கார்பன் நிலைமை வரைபடம். அது எந்த ஒருவருடைய கண்டுபிடிப்பும் இல்லை; பீட்டர்ஸ்பர்க், பாரிஸ், நியூ ஹேவன், லண்டன், ஆம்ஸ்டர்டாம் என ஐந்து நகரங்களில் சிதறிக் கிடந்த துண்டுகள் ஒன்றுசேர்ந்து உருவானது.

வெடித்த பீரங்கிகள்

முதல் துண்டு ரஷ்யாவிலிருந்து கிடைத்தது. பீட்டர்ஸ்பர்க்கின் ஓபுகோவ் உருக்காலையில் வார்த்து அடிக்கப்பட்ட பீரங்கிகளுள் சில நெடுங்காலம் உழைத்தன, வேறு சில, அதே சேர்மானம் கொண்டிருந்தும், சோதனையிலேயே வெடித்தன. காரணத்தைத் தேடும் பொறுப்பு டிமித்ரி சேர்னோவ் என்ற இளம் பொறியாளரிடம் வந்தது.

சேர்னோவிடம் செஞ்சூட்டை அளக்கத்தக்க நம்பகமான கருவி எதுவும் இல்லை. இருந்தவை கண்ணும் பொறுமையும் மட்டுமே. 1868-இல் ரஷ்யத் தொழில்நுட்பச் சங்கத்தின் முன் அவர் வைத்த முடிவு எளிமையானது: உருக்கைச் சூடாக்கும்போது ‘அ’ என்று குறிக்கத்தக்க ஒரு புள்ளி, கருஞ்சிவப்பு நிறத்தையொட்டி, வருகிறது, அந்தப் புள்ளியைத் தொடாத உருக்கை எவ்வளவு விரைவாகக் குளிர்வித்தாலும் அது கடினமாவதில்லை. அதற்கும் மேலே ‘ஆ’ என்ற இன்னொரு புள்ளி. அதைக் கடந்ததும் உருக்கின் மணியமைப்பு பழைய வடிவத்தை இழந்து புதிதாக அமைகிறது. (அவர் இட்ட எழுத்துகள் இங்குத் தமிழுக்கு மாற்றப்பட்டுள்ளன.)

இந்த இரண்டாம் புள்ளியின் இடம் கார்பனின் அளவைப் பொறுத்து நகர்கிறது என்பதையும் அவர் கண்டார். உருக்கு உருகாமலேயே, திண்மமாக இருக்கும்போதே, தன் உள்ளமைப்பை மாற்றிக்கொள்கிறது என்பது அன்றைய அறிவுக்கு ஏற்கக் கடினமான கருத்து.

ஆறும் கம்பி ஏன் மீண்டும் ஒளிர்கிறது?

1873-இல் வில்லியம் பாரெட் ஒரு வியப்பான நிகழ்ச்சியைப் பதிவு செய்தார். வெண்சூட்டுக்கு ஏற்றிய இரும்புக் கம்பியை இருட்டறையில் ஆறவிட்டால், ஒளி படிப்படியாக மங்கிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் யாரும் சூடாக்காமலேயே மீண்டும் ஒருமுறை பளிச்சென்று சிவந்து, அதன் பிறகே அணைகிறது.

வெளியிலிருந்து வெப்பம் வராதபோது, அது உள்ளிருந்துதான் வந்திருக்க வேண்டும். நீர் பனிக்கட்டியாகும்போது தன் மறைவெப்பத்தை வெளியிடுவதுபோல, இரும்புக்குள்ளும் ஏதோ ஒன்று இன்னொன்றாக மாறி வெப்பத்தை விடுகிறது.

அந்த மாற்றம் நிகழும் வெப்பநிலையை அளக்கும் கருவி 1886-ஐ ஒட்டிப் பாரிசில் பிறந்தது. ஆன்றி லெ ஷாத்தலியே, பிளாட்டினக் கம்பியையும், பிளாட்டினத்தோடு நூற்றுக்குப் பத்துப் பங்கு ரோடியம் கலந்த கம்பியையும் முனையில் இணைத்து, இணைப்பு சூடாகும்போது எழும் சிறு மின்னழுத்தத்தைக் கொண்டு வெப்பநிலையைக் கணக்கிடும் முறையை நம்பத்தக்கதாக்கினார். அம்பத்தூர் உலைகளின் பக்கச் சுவர் வழியே உள்ளே நீட்டியிருக்கும் தெர்மோகப்பிள் அந்தக் கருவியின் நேர் வாரிசு.

அதே ஆண்டுகளில் ஃப்ளோரிஸ் ஓஸ்மோன்ட் இந்தக் கருவியை உருக்குத் துண்டுகளுக்குள் செருகி, ஆறும்போது வெப்பநிலை நொடிக்கு நொடி எவ்வாறு இறங்குகிறது என்று குறித்தார். இறக்கம் சீராக இல்லை. சில இடங்களில் வெப்பநிலை தயங்கி நின்றது. நின்று, பிறகு மீண்டும் இறங்கியது. தங்கும் புள்ளிகள் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் முதலெழுத்தைக் கொண்டு அவற்றை அவர் ‘ஏ’ வரிசையில் பெயரிட்டார். கீழே உள்ள ஏ-1, சேர்னோவின் முதல் புள்ளி. மேலே உள்ள ஏ-3, அவருடைய இரண்டாம் புள்ளி.

புள்ளிகள் கிடைத்துவிட்டன. அவற்றை இணைத்துக் கோடாக்கும் உரிமை எங்கிருந்து வரும்? ஆறும் வேகத்தைக் கூட்டினால் தங்கும் புள்ளி கீழே நழுவுகிறது, சூடாக்கும்போது அளந்தால் சற்று மேலே ஏறுகிறது. அளவைகளுள் எது உண்மையானது என்று தீர்ப்பளிக்கும் விதி எதுவும் உலோகவியலிடம் இல்லை.

ஊதியமில்லாப் பேராசிரியர்

விதி அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. அதைப் படித்தவர்கள்தான் மிகச் சிலர்.

அமெரிக்காவின் நியூ ஹேவனில், யேல் பல்கலைக்கழகத்தில், ஜொசையா வில்லார்ட் கிப்ஸ் 1871 முதல் ஒன்பது ஆண்டுகள் ஊதியம் இன்றிப் பேராசிரியராக இருந்தவர். பலபடித்தான பொருள்களின் சமநிலையைப் பற்றி 1875-க்கும் 1878-க்கும் இடையில் அவர் வெளியிட்ட முந்நூறு பக்கங்களுக்கும் மேற்பட்ட ஆய்வு, கனெக்டிகட் அகாதெமியின் வெளியீட்டில், ஐரோப்பிய வேதியியலாளர் பலரின் கண்ணுக்கு எட்டாமல் கிடந்தது. அதன் அருமையை உடனே உணர்ந்தவர்களுள் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் ஒருவர்.

கிப்ஸின் கருத்தை அறிவதற்கு மூன்று சொற்களின் பொருள் தெளிவாக வேண்டும்.

நிலைமை என்பது, சேர்மானமும் அமைப்பும் எங்கும் ஒன்றாக இருந்து, மற்றதிலிருந்து ஓர் எல்லையால் பிரிந்து நிற்கும் பகுதி. நீரில் மிதக்கும் பனிக்கட்டியில் நிலைமைகள் இரண்டு. உலோகத்தில் திண்மத்துக்குள்ளேயே ஒன்றுக்கு மேற்பட்ட நிலைமைகள் இருக்கலாம் என்பதுதான் அதன் தனித்தன்மை.

கூறு என்பது, அந்த நிலைமைகளை ஆக்குவதற்குத் தேவையான தனித்தனிப் பொருள். சாதாரண உருக்கில் இரும்பு ஒன்று, கார்பன் ஒன்று, ஆக இரண்டு.

சமநிலை என்பது, இரும்பணுவுக்கோ கார்பனணுவுக்கோ தான் இருக்கும் நிலைமையை விட்டு அடுத்த நிலைமைக்குப் போவதால் மொத்த ஆற்றலில் எந்த ஆதாயமும் மிஞ்சாத நிலை. அணுக்கள் அப்போதும் எல்லையைக் கடந்து போய்வந்துகொண்டே இருக்கின்றன. போவதும் வருவதும் ஈடாகிவிடுவதால் வெளியே எந்த மாற்றமும் தெரிவதில்லை.

இவற்றை இணைத்து கிப்ஸ் வருவித்த நிலைமை விதி ஒரே வரியில் அடங்குகிறது. வளிமண்டல அழுத்தம் மாறாது என்று கொண்டால், கூறுகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி, நிலைமைகளின் எண்ணிக்கையைக் கழித்தால் கிடைப்பது கட்டின்மை எண், அதாவது சமநிலை குலையாமல் விருப்பம்போல் மாற்றத்தக்க காரணிகளின் எண்ணிக்கை.

உருக்குக்கு இதைப் பொருத்தும்போது ஓஸ்மோன்டின் புதிர் அவிழ்கிறது. ஒரே நிலைமை இருந்தால் கட்டின்மை இரண்டு; வெப்பநிலையையும் கார்பன் அளவையும் தனித்தனியே மாற்றலாம், ஆகவே வரைபடத்தில் அது ஒரு பரப்பு. இரண்டு நிலைமைகள் சேர்ந்திருந்தால் கட்டின்மை ஒன்று. வெப்பநிலையைச் சொன்னால் அவ்விரண்டின் சேர்மானங்களும் தாமே உறுதியாகிவிடுகின்றன, ஆகவே எல்லைக்கோடுகள். மூன்று நிலைமைகள் சேர்ந்திருந்தால் கட்டின்மை சுழியம். அவை ஒரே ஒரு வெப்பநிலையில் மட்டுமே உடனிருக்க முடியும், மூன்றில் ஒன்று தீரும்வரை வெப்பநிலை நகர முடியாது.

ஏ-1 புள்ளியில் உருக்கு தயங்கி நிற்பதன் காரணம் இதுவே. பாரெட்டின் கம்பி மீண்டும் சிவந்ததும் இதனால்தான். சமநிலை வெப்பநிலைக்குக் கீழே வழுக்கிச் சென்றுவிட்ட கம்பி, மாற்றம் தொடங்கியதும் வெளிப்பட்ட வெப்பத்தால் மேலே ஏறுகிறது.

இவ்வளவு கூர்மையான கருவி கையருகில் இருந்தும் உலோகவியலாளர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அதைத் தொடவில்லை. கிப்ஸின் நடை கணிதம் நிறைந்தது, எடுத்துக்காட்டுகள் அரியவை. வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் 1892-இல் ஜெர்மனிலும், தெர்மோகப்பிளைத் தந்த அதே லெ ஷாத்தலியே 1899-இல் பிரெஞ்சிலும் மொழிபெயர்த்த பின்னரே அது பரவலாயிற்று. அளக்கும் கருவியைச் செய்தவரே விதியையும் தம் மொழிக்குக் கொண்டுவந்தார் என்பது இந்த வரலாற்றின் அழகிய இணைவுகளுள் ஒன்று.

நாணயச்சாலையின் வேதியியலாளர்

லண்டன் ராயல் மின்ட்டின் வேதியியலாளர் வில்லியம் சாண்ட்லர் ராபர்ட்ஸ்-ஆஸ்டன் வரைபடத்தை நோக்கி வந்தது இரும்பின் வழியாக அன்று, வெள்ளியின் வழியாக. வெள்ளியும் செம்பும் கலந்த நாணய உலோகம் வார்ப்பில் ஆறும்போது, ஒரு பகுதியில் வெள்ளி மிகுந்தும் மறு பகுதியில் குறைந்தும் போய்விடும். அரசின் முத்திரை உறுதியளிக்கும் தரத்துக்கு இது நேர் எதிரான குறை.

அந்தக் கலவைகள் எந்த வெப்பநிலையில் உறையத் தொடங்குகின்றன என்று அவர் 1870-களில் அளந்தார். நூற்றுக்கு ஏறத்தாழ 72 பங்கு வெள்ளி கொண்ட கலவை, இரு உலோகங்களின் உருகுநிலைகளையும் விடத் தாழ்ந்து, ஏறத்தாழ 780 டிகிரியில், ஒரே வெப்பநிலையில் உறைகிறது. பிற கலவைகள் ஒரு வீச்சுக்குள் படிப்படியாக உறைகின்றன, முதலில் உறைவதும் கடைசியில் உறைவதும் வெவ்வேறு சேர்மானம் கொண்டவை.

உப்புநீர் உறைவதிலும் இதே ஒழுங்கு உண்டு. நீர்த்த உப்புநீரிலிருந்து முதலில் தூய பனிக்கட்டி பிரிகிறது, எஞ்சிய நீரில் உப்பு செறிந்துகொண்டே போகிறது, ஓர் எல்லையில் பனியும் உப்பும் ஒன்றாக உறைகின்றன. அந்த எல்லைக் கலவைக்கு ஃப்ரெடரிக் கத்ரி 1884-இல் ‘யூடெக்டிக்’ என்று பெயரிட்டிருந்தார்.

1896-இல் ராபர்ட்ஸ்-ஆஸ்டன் இன்னொரு வாயிலைத் திறந்தார். ஈயத் தண்டின் அடியில் தங்கத்தை வைத்து, ஈயம் உருகாத வெப்பநிலையிலேயே பல நாட்கள் வைத்திருந்தபோது, தங்கம் திண்ம ஈயத்துக்குள் ஊடுருவி ஏறியிருந்தது. திண்மத்துக்குள் அணுக்கள் நடமாடுகின்றன. நடமாட முடியுமானால், உருகாமலேயே ஒன்றில் மற்றொன்று கரையவும், கரைந்தது பிரியவும் முடியும்.

பாடியிலும் அம்பத்தூரிலும் பற்சக்கரங்களுக்குச் செய்யப்படும் கார்புரைசிங் இந்த உண்மையின் மேல் நிற்கிறது. கார்பன் நிறைந்த வாயுவில் 920, 930 டிகிரியில் மணிக்கணக்கில் வைக்கப்படும் சக்கரத்தின் பல்லுக்குள் கார்பன் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இறங்குகிறது; அதற்கே அத்தனை மணி நேரம்.

இயந்திரப் பொறியாளர் கழகத்தின் உலோகக்கலவை ஆய்வுக் குழுவுக்காக ராபர்ட்ஸ்-ஆஸ்டன் எழுதிய அறிக்கைகளுள் நான்காவதில், 1897-இல், இரும்பும் கார்பனும் கொண்ட முதல் வரைபடம் வெளிவந்தது. 1899-இல் வந்த ஐந்தாம் அறிக்கை அதைத் திருத்தி விரித்தது. உருகிய உலோகம் உறைவதைக் காட்டும் கோடுகளுக்குக் கீழே, திண்மத்துக்குள்ளேயே, அதே வடிவத்தில் இன்னொரு ‘வி’ அமைந்திருந்தது. உப்புநீரில் நிகழ்வது திண்ம இரும்புக்குள் மீண்டும் நிகழ்கிறது என்பதை அந்த இரட்டை வடிவம் காட்டியது.

ஆம்ஸ்டர்டாம், 1900

நூற்றாண்டின் திருப்பத்தில் அந்த வரைபடம் ஹென்ட்ரிக் பாகூயிஸ் ரோஸெபோமின் மேசைக்கு வந்தது.

அவர் உலோகவியலாளர் அல்லர். வான் டெர் வால்ஸ் வழியாகக் கிப்ஸை அறிந்து, உப்புகளிலும் வாயு நீரேறிகளிலும் நிலைமை விதியைப் பல ஆண்டுகள் சோதித்தவர். 1896-இல் வான்ட் ஹோஃப் விட்டுச்சென்ற ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் இருக்கைக்கு வந்தவர். கலவைப் படிகங்கள் உறையும் முறைகளை ஐந்து வகைகளாக அவர் 1899-இல் வகுத்திருந்தார்.

ராபர்ட்ஸ்-ஆஸ்டனின் கோடுகளை ஒவ்வொன்றாக அவர் எடுத்துக் கேட்ட கேள்வி: இந்தக் கோட்டின் இருபுறமும் எந்தெந்த நிலைமைகள் உள்ளன, அவை அங்கே உடனிருக்க விதி இடம் தருகிறதா?

இந்தக் கேள்விதான் திருப்புமுனை. அதுவரை வரைபடம் அளவைகளின் தொகுப்பு. புள்ளி விலகினால் கோடும் வளையும். இனி அளவை விதியின் முன் நிறுத்தப்படும். இரு கூறுகள் கொண்ட கலவையில் மூன்று நிலைமைகள் சந்திக்கும் இடத்தில் ஒரு சாய்ந்த கோடு கிடைத்தால், கருவியிலோ கைத்திறனிலோ பிழை என்று தயக்கமின்றிச் சொல்லலாம். 1900-இல் வெளிவந்த அவருடைய கட்டுரை, இரும்பு–கார்பன் வரைபடத்தைச் சமநிலையின் வரைபடமாக முதன்முதலில் முன்வைத்தது.

அவரும் ஓரிடத்தில் தவறினார். கிராஃபைட்டாகப் பிரிந்த கார்பன் 1000 டிகிரிக்குக் கீழே இரும்போடு வினைபுரிந்து, சிமென்டைட் என்னும் இரும்புக் கார்பைடாக மாறும் என்று ஒரு படுக்கைக் கோட்டை அவர் இட்டார். சில ஆண்டுகளுக்குள் அந்தக் கோடு நீக்கப்பட்டு, கிராஃபைட்டுக்கு ஒன்றும் சிமென்டைட்டுக்கு ஒன்றுமாக இரட்டைக் கோடுகள் கொண்ட வரைபடம் நிலைபெற்றது. தவறே ஆனாலும் அது சோதிக்கத்தக்க தவறாக இருந்தது. அதுவே விதியின் வலிமை.

இரும்பணுக்கள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்பது எக்ஸ் கதிர்களால் தெரியவந்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான். அணுக்களின் அடுக்கைக் காணாமலேயே, வெப்பநிலைத் தயக்கங்களையும் ஒரு விதியையும் கொண்டு அந்த மாற்றங்களின் எல்லைகளை வரைந்துவிட்டார்கள் என்பதை எத்தனை முறை எண்ணினாலும் அதன் துணிவு குறைவதில்லை.

ஒரு தண்டும் ஒரு மூசைக் கட்டியும்

இன்றைய அளவைகளோடு அந்த வரைபடத்தைப் படித்தால், 850 டிகிரியின் கதை முழுமையாகிறது.

727 டிகிரிக்குக் கீழே உள்ள இரும்பின் நிலைமைக்கு ஃபெரைட் என்று பெயர். அது நூற்றில் 0.02 பங்குக்கு மேல் கார்பனைக் கரைத்துக்கொள்வதில்லை. மேலே உள்ளது ஆஸ்டினைட், ராபர்ட்ஸ்-ஆஸ்டனைச் சிறப்பிக்க ஓஸ்மோன்ட் இட்ட பெயர். அது நூற்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேலும் கரைத்துக்கொள்ளும். கார்புரைசிங் 920 டிகிரியில் செய்யப்படுவதன் காரணமும் இங்கே இருக்கிறது. கார்பனுக்கு இடம் கொடுப்பது ஆஸ்டினைட் மட்டுமே.

0.4 பங்கு கார்பன் கொண்ட தண்டைச் சூடாக்கும்போது, 727-இல் ஆஸ்டினைட் பிறக்கிறது, ஆனால் ஃபெரைட் முழுவதும் மறைவது ஏறத்தாழ 790-இல்தான். 750-இல் தோய்த்த தண்டில் மென்மையான பகுதிகள் தங்குவது அந்த எஞ்சிய ஃபெரைட்டால். எல்லைக்கு மேலே ஐம்பது டிகிரி அளவுக்கு இடைவெளி விட்டு வைத்தால் 850.

அதே தண்டை மெல்ல ஆறவிட்டால், 727-இல் எஞ்சியுள்ள ஆஸ்டினைட், ஃபெரைட்டும் சிமென்டைட்டுமாக மெல்லிய தகடுகளாய் மாறிமாறிப் பிரிகிறது. அந்த இணைப்பே பெர்லைட். எவ்வளவு பெர்லைட் என்பதையும் வரைபடமே சொல்கிறது. பெர்லைட்டின் கார்பன் அளவு 0.77, ஃபெரைட்டினுடையது 0.02, தண்டின் 0.4 இவ்விரண்டுக்கும் நடுவில் எங்கே விழுகிறது என்று தூரங்களை ஒப்பிட்டால், நெம்புகோல் விதிப்படி, பெர்லைட் ஏறத்தாழ பாதி, ஃபெரைட் பாதி.

இதைக் கண்ணால் சரிபார்க்கவும் முடியும். தண்டிலிருந்து வெட்டிய ஒரு சிறு வில்லையைப் பேக்லைட்டில் பதித்து, எமரித் தாள்களில் சொரசொரப்பானதிலிருந்து நயமானதுவரை படிப்படியாகத் தேய்த்து, கண்ணாடிபோல் மெருகேறியதும், ஆல்கஹாலில் நூற்றுக்கு இரண்டு பங்கு நைட்ரிக் அமிலம் கலந்த நைட்டலில் சில நொடிகள் நனைத்துக் கழுவி நுண்ணோக்கியில் வைத்தால், வெளிறிய ஃபெரைட் மணிகளுக்கிடையே கருமையான பெர்லைட் மணிகள் தெரிகின்றன. உருப்பெருக்கத்தைக் கூட்டினால் அந்தக் கருமை, கைரேகைபோல் நெருங்கிய வரிகளாகப் பிரிகிறது. இருண்ட பரப்பும் வெளிறிய பரப்பும் ஏறக்குறைய சமமாக இருப்பதைக் காணும் தரக்கட்டுப்பாட்டுப் பணியாளர், ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய கணக்கு தன் கண்முன் விடையாக நிற்பதைக் காண்கிறார்.

மூசை உருக்குக்கும் இதே கணக்கு பொருந்தும். அதன் கார்பன் 1.5 பங்கு என்று கொண்டால், அது 0.77-க்கு மறுபுறம் விழுகிறது. ஆறும்போது முதலில் பிரிவது ஃபெரைட் இல்லை, சிமென்டைட். நெம்புகோல் விதி தரும் விடை, மொத்தத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. மூசைக்குள் மெல்ல ஆறிய கட்டியில் அந்தச் சிமென்டைட் மணிகளின் எல்லையை ஒட்டிப் படிந்து, தாழ்ந்த சூட்டில் பக்குவமாக அடிக்கப்படும்போது உடைந்து வரிசையாகி, வாளின் முகத்தில் நீர்ச்சுழிபோன்ற கோலமாகத் தெரிந்தது. ஃபாரடே அலுமினியத்தில் தேடிய விடையின் பெரும்பகுதி இங்கே இருந்தது. கொங்கு நாட்டு உலைக்காரர்கள் வரைபடத்தை அறியாதவர்கள். ஆனால் கட்டியை அவசரப்பட்டு ஆற்றாமல், அது சமநிலைக்கு அருகே செல்லும் அளவு பொறுத்தவர்கள்.

வரைபடத்தில் இல்லாத பொருள்

இவ்வளவையும் சொல்லும் வரைபடம் ஒன்றைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. 850-இலிருந்து தோய்த்த அந்தத் தண்டின் மேற்பரப்பிலிருந்து ஒரு வில்லையை எடுத்து அதே நைட்டலில் நனைத்தால், பெர்லைட்டும் இல்லை, ஃபெரைட்டும் இல்லை. ஊசிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வாரி இறைத்தாற்போன்ற வேறொரு பொருள் பரப்பை நிறைத்திருக்கிறது. ராக்வெல் ‘சி’ அளவில் 50-ஐத் தாண்டும் கடினம் அதற்குரியது. 1895-இல் ஓஸ்மோன்ட் அதற்கு அடால்ஃப் மார்ட்டென்ஸின் பெயரால் மார்ட்டென்சைட் என்று பெயரிட்டார். அம்பத்தூரின் ஹீட் ட்ரீட்மென்ட் தொழில் பெருமளவும் இந்தப் பொருளை உண்டாக்குவதற்கும், பிறகு டெம்பரிங் செய்து அதன் நொறுங்கும் தன்மையைத் தணிப்பதற்கும்தான் நடக்கிறது.

நிலைமை வரைபடத்தின் எந்த மூலையிலும் மார்ட்டென்சைட்டுக்கு இடம் இல்லை.

காரணம், வரைபடத்தின் ஒவ்வொரு கோடும் சமநிலையின் கோடு. அணுக்களுக்குப் போதிய அவகாசம் கொடுத்தால் உலோகம் சென்று சேரும் இடத்தை அது காட்டுகிறது, சென்று சேர எவ்வளவு நேரமாகும் என்பதைக் காட்டுவதில்லை. சிமென்டைட்டே அந்த வகையில் இடைவழியில் தங்கிவிட்ட பொருள். எல்லையற்ற காலம் கிடைத்தால் அதுவும் இரும்பாகவும் கிராஃபைட்டாகவும் பிரிந்துவிடும். வார்ப்பாலைகளில் ஒரே உருகலிலிருந்து ஊற்றிய வார்ப்பு, சிலிக்கன் மிகுந்து மெல்ல ஆறும்போது கிராஃபைட் நிறைந்த சாம்பல் வார்ப்பிரும்பாகவும், மெல்லிய விளிம்பில் விரைந்து ஆறும்போது உளி ஏறாத வெள்ளை வார்ப்பிரும்பாகவும் உறைவது, காலத்தின் இந்தக் குறுக்கீட்டால்தான்.

தோய்க்கப்பட்ட தண்டிலோ, கார்பன் அணுக்கள் ஓரடி எடுத்து வைப்பதற்கும் அவகாசம் இல்லை. ஏறத்தாழ 350 டிகிரிக்குக் கீழே ஆஸ்டினைட்டின் அடுக்கு, கார்பனை உள்ளே சிறைப்படுத்தியபடியே, மொத்தமாகச் சரிந்து புதிய அடுக்காகிவிடுகிறது. பருமனான தண்டை எண்ணெயில் தோய்த்தால் மேற்பரப்பு கடினமாகியும் நடுப்பகுதி மென்மையாகவே நிற்பது, இரண்டு இடங்களும் ஒரே வெப்பநிலைகளைக் கடந்தாலும் ஒரே வேகத்தில் கடக்கவில்லை என்பதால்.

1900-இல் ரோஸெபோம் தந்த வரைபடத்துக்கு இரண்டு அச்சுகள். ஒன்று சேர்மானம், மற்றது வெப்பநிலை. மார்ட்டென்சைட்டை அதில் சேர்க்க வேண்டுமானால் காலத்துக்கு ஓர் அச்சு வேண்டும், அந்த அச்சில் இட அளவைகள் வேண்டும். 1902-இல் ராபர்ட்ஸ்-ஆஸ்டன் காலமானபோது அத்தகைய அளவை ஒன்றுகூட எவரிடமும் இல்லை. அதைத் தேடும் முயற்சி 1930-இல் அமெரிக்காவின் ஓர் உருக்கு ஆய்வகத்தில், உருகிய ஈயத் தொட்டிகளோடு பலன் தரும்வரை, ஒரு தலைமுறை கழிந்தது. உலைக்கும் எண்ணெய்த் தொட்டிக்கும் இடையே சில நொடிகளில் தொடங்கி முடிந்துவிடும் ஒரு மாற்றத்தை, அது பாதியில் இருக்கும்போதே நிறுத்தி வைத்து எவ்வாறு அளந்தார்கள்?

(தொடரும்)